முந்தைய குழுவை விட்டு வந்த காரணம்

உங்கள் விண்ணப்பப் படிவம் நன்றாக இருக்கிறது. எழுத்து பெரிதாக, கண்ணாடி போடாமலே படிக்கும்படி அச்சடித்திருக்கிறீர்கள். ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் இடம் போதவில்லை. ‘இதற்கு முன் எந்தக் குழுவில் விளையாடினீர்கள், அதை விட்டு வந்த காரணம் என்ன’ என்று கேட்டுவிட்டு இரண்டே வரி விட்டிருக்கிறீர்கள். அதனால் இந்தத் தாள்களைத் தனியாக எழுதி, பின் அடித்து இணைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. நீங்கள் எப்படியும் விசாரிப்பீர்கள். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் விசாரிப்பேன்.

விசாரிப்பதுதான் என் பிழைப்பு. வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். இன்ன இடத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன் என்று ஒருவர் எழுதியிருப்பார். நான் அந்த இடத்துக்கு ஃபோன் போட்டு, ஆள் எப்படி என்று கேட்டு, ஒரு பக்க அறிக்கை எழுதுவேன். யாரும் யாரைப் பற்றியும் நேரடியாகக் குறை சொல்ல மாட்டார்கள். “நல்ல பையன்தான்” என்று இழுப்பார்கள். அந்த இழுப்பை எழுத்தில் கொண்டுவருவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வாரம் ஐந்து நாள் நான் மற்றவர்கள் ஃபோனில் வரும் தெரியாத நம்பர். பாதிப் பேர் எடுப்பதே இல்லை. சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு மட்டும் மூன்று பேர் என் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த விளையாட்டை முதன்முதலில் என் மனைவிக்கு இப்படித்தான் விளக்கினேன். ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தப் பாத்திரமாகவே பேசுவார்கள். சண்டையில் ஜெயித்தார்களா, சுவரைத் தாண்டினார்களா என்ற சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பெரியவங்க ஆடற சொப்பு விளையாட்டுன்னு சொல்லுங்க” என்றாள். தவறில்லை, கிட்டத்தட்ட அதுதான்.

கதை சொல்வதில் கஷ்டமில்லை. ஆள் சேர்ப்பதில்தான் தாவு தீர்ந்துவிடும், உங்களுக்கே தெரியும். என் முதல் குழு ஐந்து வாரத்தில் கலைந்தது. ஒருவர் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து எனக்கே பாடம் எடுத்தார். இன்னொருவர் தன் முறை வரும்வரை ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. கதைக்குள் அவளுடைய குதிரையை அவன் விற்றுவிட்டான். நிஜத்தில் மூன்று வாரம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. குழுவில் ஒத்துப்போகாத ஒரே ஒரு ஆள் போதும், மொத்த மேசையும் நாசம்.

ஆகவே தொழில்முறையில் இறங்கினேன். நூலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். இருபத்து மூன்று பேர் வந்தார்கள். எல்லோரிடமும் பதினேழு கேள்விகள் கொண்ட படிவம் கொடுத்தேன். சண்டை பிடிக்குமா, புதிர் பிடிக்குமா என்பது மாதிரியான பதினாறு கேள்விகள் சும்மா ஒப்புக்கு. பதினோராவது கேள்வி மட்டும்தான் எனக்குத் தேவை: ‘சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் வீடு திரும்பத் தாமதமானால் முதலில் யார் ஃபோன் செய்து கேட்பார்கள்?’ நாலைந்து பேர் பெயரை எழுதியவர்களை நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்களுக்குப் பிறந்தநாள் வரும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், திடீரென்று விருந்தாளி வருவார்கள். ஒருத்தர் வராவிட்டால் ஆட்டம் இல்லை என்பது என் சட்டம். நாற்காலி காலியாக இருந்தால் எனக்குக் கதை வராது.

சல்லடை போட்டுச் சலித்ததில் இரண்டு பேர் தேறினார்கள். ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். பதினோராவது கேள்விக்கு ‘வாட்ச்மேன், கேட்டைப் பூட்ட வேண்டுமே’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ‘பூனை தேடும், ஆனால் அதனிடம் ஃபோன் இல்லை’ என்று எழுதியிருந்தார். மூன்றாவது ஆள் என் மச்சான், மனைவியின் தம்பி. கட்டட வரைபடம் போடுகிறவன், தனிக்கட்டை. அவன் ‘அக்கா’ என்று எழுதினான். அந்த ஃபோன் எங்கள் வீட்டில்தானே இருக்கிறது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒன்றரை வருஷத்தைப் போல ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை. ஆறடி உயரம், கை நிறைய கிரீஸ், அந்த மெக்கானிக் ஒரு ராணியாக விளையாடுவார். குரலைக் கூட மாற்ற மாட்டார், ஆனால் அவர் முதுகை நிமிர்த்தினால் எங்களுக்கு எழுந்து நிற்கத் தோன்றும். எறும்பைக்கூட மிதிக்காத டீச்சர் கூலிக்குச் சண்டை போடும் முரடியாக வருவார். முதலில் அடிப்பார், பிறகு பெயர் கேட்பார். மச்சான் ஒரு திருடன். ஒற்றைச் செருப்பு, உடைந்த விசில் என்று எதற்கும் உதவாததை மட்டுமே திருடுவான். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல்படியில் நின்று சிரித்துவிட்டுப் போவாள்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. கதையில் ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டிய விஷயத்தைச் சின்னத் தாளில் எழுதி, மடித்து, அவர் கையில் கொடுப்பேன். ‘கோட்டைக் காவலன் உன் சொந்தத் தம்பி’ என்று ராணிக்கு ஒரு சீட்டு. ‘உன் வாள் உடையப்போகிறது’ என்று முரடிக்கு ஒரு சீட்டு. வாங்கியவர் படித்துவிட்டுத் தன் ஃபைலில் வைத்துக்கொள்வார். யாருக்கும் காட்ட மாட்டார், யாரும் கேட்கவும் மாட்டார்கள். மேசையை விட்டு எழுந்து தெருவில் போகும்போதுகூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். அவ்வளவு ஒழுக்கமான ஆட்கள். நான் தேர்ந்தெடுத்தவர்கள்.

மெக்கானிக்குக்கு வேறு ஊரில் பதவி உயர்வு வருவதாக இருந்தது. புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. லிஃப்ட் கம்பெனி சரிபார்ப்பை எங்களிடம் கொடுத்திருந்தது, ஃபைல் என் மேசைக்கு வந்தது. தெரிந்த ஆள் என்றால் வேறொருவரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஆபீசில் யார் இருக்கிறார்கள்? ‘தனியாக வேலை செய்வதில் கெட்டிக்காரர். பிறரோடு ஒத்துப்போவதில் சிரமம் உண்டு’ என்று எழுதினேன். பதவி உயர்வு வரவில்லை. “நம்ம மூஞ்சிக்கு இவ்ளோதான் சார்” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வாரமே அவருடைய ராணிக்கு ஒரு துறைமுகம் கொடுத்தேன், கப்பல்களோடு.

டீச்சர் விஷயத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். செடி, விதை விற்கும் கடைக்காரர் ஒருவர் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். டீச்சரே என்னிடம் வந்து, “அண்ணா, நீங்க இந்த வேலையிலதானே இருக்கீங்க, ஆள் எப்படின்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்” என்றார். ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு விசாரித்தேன். அப்பழுக்கில்லாத மனிதர். கடையில் சனிக்கிழமைதான் கூட்டம் அதிகம் என்பதைத் தவிர வேறு ஒரு குறையும் இல்லை.

“விசாரிச்சேன்மா” என்றேன்.

“என்ன சொன்னாங்க?”

“நல்ல மனுஷன்தான்.” கொஞ்சம் நிறுத்தி, டீயை ஒரு வாய் குடித்தேன். “இப்போதைக்கு.”

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அவருடைய முரடி அதற்குப் பிறகு இன்னும் ஓங்கி அடித்தாள். ஆட்டத்துக்கு அது நல்லதாகவே போயிற்று.

மச்சானுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோதுதான் நான் உண்மையிலேயே மாட்டிக்கொண்டேன். சரிபார்ப்பு வேறு கம்பெனி, என் கைக்கு எட்டாது. இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும். மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கு நீல நிறத்தில் பெரிய பெட்டி ஒன்று வாங்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்திருந்தாள். அதைச் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் மேசைக்குப் போக வேண்டியிருந்தது. புது ஆள் தேடுங்கள் என்று நீங்கள் சொல்லலாம். இருபத்து மூன்று பேரில் இரண்டு பேரைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவே அவனிடம் ஒரு சீட்டு கொடுத்தேன். ‘இது கதை இல்லை. அக்காவுக்கு இரத்தத்தில் கோளாறு. அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பிற்பாடு இரத்தம் கொடுக்க வேண்டிவரும். ஒத்துப்போகிற ஆள் நீ ஒருத்தன்தான்.’ படித்துவிட்டு என்னைப் பார்த்தான். கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். சீட்டை ஃபைலில் வைத்துக்கொண்டான். ஆட்டம் தொடர்ந்தது. அன்று அவனுடைய திருடன் எதையும் திருடவில்லை.

திங்கட்கிழமை அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டான். பெட்டி பரணுக்குப் போயிற்று. ஏன் என்று அக்கா துளைத்து எடுத்தபோது, “ஊர் பிடிக்கலக்கா, அங்க ஒரே குளிராம்” என்று பூசி மெழுகினான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் மேசையில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் மற்ற இருவரும் என்ன ஏது என்று கேட்பார்களே. அவர்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு எழுதினேன். இங்கேதான் என் கதைசொல்லி புத்தி வேலை செய்துவிட்டது. ஒரே சீட்டை மூன்று பேருக்கும் கொடுப்பது மட்டமான வேலை. ஆளைப் பார்த்துத்தான் கதை கட்ட வேண்டும். டீச்சருடைய அம்மா இதயக் கோளாறில் போனவர், அதனால் அவருக்கு இதயம் என்று எழுதினேன். மெக்கானிக் வெள்ளந்தி, என் மனைவியிடம் நேராகப் போய் உடம்பு எப்படி என்று கேட்டுவிடுவார். அதனால் அவருக்கு ஞாபகம் அழிகிற வியாதி, எதையும் கேட்டுக் குழப்ப வேண்டாம் என்று எழுதினேன்.

பலன் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. மனைவி சாகக் கிடக்கிற மனிதனிடம் ‘இந்த வாரம் வர முடியாது’ என்று யாரும் சொல்வதில்லை. நான்கு மாதத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. மெக்கானிக் காய்ச்சலோடு வந்தார். டீச்சர் பள்ளி ஆண்டு விழாவைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். மூன்று பேரும் பழம் வாங்கி வந்தார்கள். என் மனைவி டீ கொண்டுவந்தால் மூன்று பேரும் ஒரே சமயத்தில் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார்கள்.

அவள் மக்கு இல்லை. ஒருநாள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, என்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு” என்றேன். யோசித்துப் பாருங்கள், இதில் எந்த வார்த்தை பொய்?

அவளாகவே போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அவரும் சேர்ந்து மறைக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டாள். அதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், சமையலறை டப்பாக்களில் ஒவ்வொன்றாக வெள்ளைத் தாள் ஒட்ட ஆரம்பித்தாள். உப்பு. சர்க்கரை. ‘காபித் தூள், தீர்ந்தால் மேல் தட்டில் இன்னொன்று.’ அவளுக்குப் பிறகு எனக்குச் சிரமம் இருக்கக் கூடாதாம். துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று படம் போட்டு மாட்டினாள். நான் பார்த்தேன். புரிந்தது. அடுத்து ஒரு சனிக்கிழமை வந்தது, அதற்கடுத்து இன்னொன்று வந்தது. சொல்லத் தோதான நேரம் அமையவில்லை. அந்தத் தாள்கள் இன்னும் டப்பாக்களில் இருக்கின்றன. மிகவும் உபயோகமாக இருக்கிறது.

பிறகு அவள் கேட்டாள், “நானும் ஒரே ஒரு தடவை உங்களோட ஆடிப் பாக்கட்டுமா? அப்புறம் முடியுதோ முடியலையோ.”

ஐந்தாவது நாற்காலி போட்டேன். ஓடக்காரியாக இருக்கிறேன் என்றாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிறவி ஆட்டக்காரி. அரை மணி நேரத்தில் ராணியிடமே ஓடக்கூலி பேரம் பேசி, முரடியைத் துடுப்புப் போடவைத்து, திருடனின் ஒற்றைச் செருப்பைப் பிடுங்கித் தண்ணீர் மொண்டு ஊற்றவைத்தாள். நாலு மாதம் கழித்து மச்சான் வாய்விட்டுச் சிரித்தான். இத்தனை வருஷம் இவளுக்கு ஒரு படிவம் கொடுத்துப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கும் ஒரு சீட்டு கொடுத்தேன். ‘ஓடத்தில் இருப்பவர்களில் ஒருவன் வேஷக்காரன்.’ அவள் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்துவிட்டாள்.

“இதுல ஒருத்தன் வேஷக்காரனாம். உங்களுக்கெல்லாம் என்ன எழுதிக் குடுத்திருக்காரு? வெளிய எடுங்க, சேத்து வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்.”

“ஐயோ அக்கா, சீட்டைக் காட்டக் கூடாதுங்க” என்றார் மெக்கானிக்.

“இருக்கப்போறதே கொஞ்ச நாள். எனக்கு எதுக்குப்பா ரூல்ஸெல்லாம்?” என்றாள் அவள், பிஸ்கட் தட்டை நகர்த்திக்கொண்டே.

டீச்சர்தான் முதலில் உடைந்தார். “உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“அவர் சொல்லல. நீங்கல்லாம் பாக்கற பார்வையிலயே தெரிஞ்சுது. என்ன வியாதின்னுதான் தெரியல.”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். மச்சான் எட்டிப் பார்த்து, “ஹார்ட்டா? ரத்தம்தானே?” என்று தன் சீட்டை எடுத்தான். மெக்கானிக் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கு ஞாபக மறதின்னுல்ல இருக்கு” என்று மூன்றாவதை வைத்தார். என் மனைவி மூன்றையும் வரிசையாக அடுக்கி, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

“ஏங்க, எனக்கு மொத்தம் எத்தனை வியாதி?”

நான் பகடையை எடுத்து உருட்டினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று விழுந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். டீச்சர் செடிக் கடைக்காரரைப் பற்றிக் கேட்டார். மெக்கானிக் எங்கள் கம்பெனியின் பெயரைக் கேட்டார். எதையும் மறைக்கவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கையை ஓங்கவில்லை. மனைவி எழுந்து போய்ப் பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கச் சொன்னாள். மச்சான் இறக்கினான். “எனக்கு ஒண்ணுமில்லல்ல? சத்தியமா ஒண்ணுமில்லல்ல?” என்று கேட்டுக்கொண்டே துணிகளை அடுக்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நீ நல்லா இருக்கே என்றேன். அவள் தம்பியைப் பார்த்து, “இவர் சொன்னா நம்ப முடியல, நீ சொல்லு” என்றாள்.

இப்போது அவள் மச்சான் வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் அங்கே விளையாடுகிறார்கள். கதை சொல்வது அவள். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது, அங்கே நின்றால் ஜன்னல் தெரியும். செடிக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஐந்து மணிக்குமேல்தான் வருகிறார், அவருக்காக ஆட்டத்தை நிறுத்திக் கதை முழுவதையும் மறுபடி சொல்கிறார்கள். போன வாரம் மெக்கானிக் வரவேயில்லை. வேலைக்கு நேர்முகத் தேர்வு போலிருக்கிறது. அவருடைய நாற்காலியில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அப்படியும் ஆடினார்கள். சட்டமும் இல்லை, ஒழுங்கும் இல்லை, சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். நான் பொறுக்கியெடுத்த ஆட்கள் இன்னும் ஒரே மேசையில்தான் இருக்கிறார்கள். ஆள் சேர்ப்பதில் நான் தவறு செய்யவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒன்பதாவது கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். நான் திருந்தியிருக்கிறேன். செய்த தவறு என்ன என்று உட்கார்ந்து யோசித்து, அதிலிருந்து பாடமும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

படிவத்தின் அடியில் ‘தற்சமயம் இடம் இல்லை, யாராவது விலகினால் அழைப்போம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் குழுவில் இருக்கும் பல் டாக்டரிடம் நேற்று பல் காட்டப் போயிருந்தேன். அருமையான மனிதர், அவர் கை பட்டதில் வலியே தெரியவில்லை. பேச்சோடு பேச்சாக, அவரை வைத்துக்கொண்டு நீங்கள் எல்லோரும் படுகிற சங்கடத்தையும், முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராமல் தவிப்பதையும் அவர் காதில் போட்டேன். முகம் சின்னதாகிவிட்டது, பாவம். இனி வர மாட்டார். சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் வந்துவிடுகிறேன். நீங்கள் பயப்படத் தேவையில்லை, இந்த முறை யார் கையிலும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.